நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு நாள்

மூன்றாம் இரவும் எழுபத்தொரு சதவீதத்தில் நின்றது.
புந்தா அரேனாஸின் ஆகஸ்ட் காற்று
தகரக் கூரையின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.
மேசைமேல், பக்கக் கதவு கழற்றிய கூடு.
உள்ளே
வரியில்லாக் கடையில் வாங்கிய மின்வழங்கி,
நண்டு ஆலைச் சம்பளத்தில் இரண்டு தவணையாக வந்த நினைவகக் குச்சிகள்,
ஒஸ்வால்டோ மிலிசிச் கடையை மூடும்போது
அரை விலைக்குத் தள்ளிவிட்ட தாய்ப்பலகை.
"நன்றாக ஓடியது, நெவென்கா, சத்தியமாக."
ஓடியது என்பது இறந்தகாலம்.
அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் இரவு குச்சிகளைச் சந்தேகித்தேன்.
ஒன்றை உருவி, மற்றதைச் செருகி, இடம் மாற்றி,
கருந்திரையில் சோதனை ஊர்ந்து முடிவதற்குள்
மூன்று குவளை மாத்தே.
பிழை ஒன்றுமில்லை என்றது.
இரண்டாம் இரவு வடத்தை. பிறகு வட்டை.
பிறகு பென் டிரைவை;
அழித்து எழுதி, வேறொன்று கடன் வாங்கி, அதையும் எழுதி.
பிறகு என்னை.
நிறுவுதல் என்றால் மெய்ப்பித்தலும்தானே?
ஆலையில் ஒருவரும் என்னிடம் கேட்டிராத ஒன்றை
ராத்திரி ஒரு மணிக்கு நான்
யாருக்கு நிறுவிக்கொண்டிருந்தேன்?

மூன்றாம் இரவுதான் பிழைச் செய்தியை முழுதாக வாசித்தேன்.
அதுவரை வங்கிக் கடிதம் போல
பாதியில் மூடிவிடுவேன்.

இந்தக் கோப்பு இன்னும் செல்லாது.
செல்லுபடியாக நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

காலாவதியானவற்றைத் தெரியும் எனக்கு:
தயிர், கடவுச்சீட்டு, என் இரண்டாவது நிச்சயதார்த்தம்.
காலமே தொடங்காத ஒன்றை
எந்த அலமாரியில் வைப்பது?

அமைப்புத் திரைக்குள் போனேன். மேல் மூலையில் தேதி:
இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஜனவரி ஒன்று.
பலகைக்கு அன்றுதான் பிறந்தநாள்.
காற்றில் மின்சாரம் போகும்போதெல்லாம்
நான் செருகியைப் பிடுங்கும்போதெல்லாம்
மறுபடி அன்றே.
அந்தக் கோப்பில் யாரோ இட்ட கையெழுத்து
அதன் கணக்கில் வருங்காலத்திலிருந்து வருகிறது.
நம்ப மறுத்தது.

அதன் இடத்தில் நானும் மறுத்திருப்பேன்.
அந்த ஜனவரியில் நான் நீரிணையின் அக்கரையில், போர்வெனீரில்,
ஒருவனுடைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.
நீ தனியாக இருப்பாய்
நண்டு எடைக்குக் கணக்கெழுதுவாய்
உன் கணினியை நீயே பூட்டுவாய்
பூட்டுகையில் சிரிப்புகூட வரும் என்று
எவராவது கையெழுத்திட்டு நீட்டியிருந்தால்
கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன்.

பலகையின் ஓரத்தில் பொத்தான் போல ஒரு பேட்டரி.
மீட்டர் வைத்தால் அரை வோல்ட்கூட இல்லை.
மணி இரண்டு நாற்பது.
இந்த நேரத்தில் திறந்திருப்பது மருத்துவமனையும் கடலும்தான்.

சமையலறைத் தராசு.

அது ஹெரால்டோவுடையது.
மாடியறையில் குடியிருப்பவன், சீலோயே தீவுக்காரன்,
நாலு மணிக்கு எழுந்து தெருவுக்கே ரொட்டி சுடுபவன்,
கடவுளை ஏறக்குறைய, உப்பைக் கிராம் கணக்கில் நம்புபவன்.
தராசைக் கவிழ்த்தேன்.
அதே வட்டம். அதே எண்.
திருட்டு என்று சொல்ல மாட்டேன்,
திருகாணியைத் திரும்ப முடுக்கி வைத்தேனே.

ஆகஸ்ட் பதினேழு, இரண்டாயிரத்து இருபத்து நான்கு.
என் கையால் அடித்தேன்.
அறுபத்தொன்பது.
எழுபது.
எழுபத்தொன்று
எழுபத்தொன்று
எழுபத்தொன்று
எழுபத்திரண்டு.

நாலரைக்கு ஹெரால்டோ வந்தான்,
கை முழுக்க மாவு,
தராசைக் காதருகே வைத்துக் குலுக்கியபடி.
நான் ஒன்றும் பேசாமல் திரையைக் காட்டினேன்.
பயனர் பெயர் என்ன என்று கேட்டுச்
சிறு கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது.
நெடுநேரம் பார்த்தான்.
"இது என்ன சாப்பிடும்?" என்றான்.

அன்றைய ரொட்டி தெரு முழுக்கக் கரித்தது.
எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தின்றார்கள்.
மூலைவீட்டுத் திருமதி பாராகாஸ் மட்டும்
மாவு மூட்டை படகிலிருந்து தவறி விழுந்ததா என்று கேட்டாள்;
கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு வாங்கிப் போனாள்.